எந்தப் பந்தைச் சொல்வது

இசக்கிமுத்து ஒரு கேள்வியோடு தூத்துக்குடிக்கு பஸ் ஏறினார்.

அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. எட்டயபுரம் பக்கத்தில் ஒரு அரசுப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர். இருபது வருடம் வாலிபால் சொல்லிக்கொடுத்தவர், மூன்று வருடமாகப் பெண் பிள்ளைகளுக்கு சாஃப்ட்பால் சொல்லிக்கொடுக்கிறார். அவர் தேடிப் போன சகாயராணிக்கு முப்பத்து நான்கு. தபால் நிலையத்தில் வேலை. ஒன்பது வருடம் மாநில அணியில் கேட்சராக ஆடியவர். பந்து பட்டுப் பட்டு வலது கையில் இரண்டு விரல்கள் கோணலாகிவிட்டன. ஞாயிற்றுக்கிழமை காலைகளில் துறைமுகக் குடியிருப்புக்குப் பின்னால் உள்ள மைதானத்தில் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுப்பார்.

இசக்கிமுத்து போனபோது சகாயராணி சுண்ணாம்புத் தூளால் கோடு போட்டுக்கொண்டிருந்தார்.

"மேடம், நான் உங்ககிட்ட படிக்க வந்திருக்கேன்."

"என்ன படிக்கணும் சார்?"

"பந்து சொல்லுறது."

சாஃப்ட்பாலில் பந்து வீசுகிறவள் பிட்ச்சர். மட்டை பிடிப்பவளுக்குப் பின்னால் குத்தவைத்து உட்கார்ந்து பந்தைப் பிடிப்பவள் கேட்சர். அடித்தவள் பேஸ் என்கிற மூன்று இடங்களையும் தொட்டு ஓடி உள்ளே வந்தால் ஒரு ரன்; மூன்று அவுட்டில் இன்னிங்ஸ் முடியும். ஒவ்வொரு பந்துக்கும் முன்னால் கேட்சர் யாருக்கும் தெரியாமல் பிட்ச்சருக்கு விரல் காட்டுவாள். ஒரு விரல் என்றால் வேகப் பந்து. இரண்டு என்றால் கிட்டே வந்து கீழே இறங்கும் டிராப். மூன்று என்றால் மெதுவான பந்து. இசக்கிமுத்துவின் அணியில் அந்த விரல்களும் இசக்கிமுத்துவுடையவைதான். பெஞ்சில் இருந்து அவர் தொப்பியைத் தொட்டால் ஒன்று. காதைத் தொட்டால் இரண்டு. முழங்கையைத் தொட்டால் மூன்று. கேட்சர் சுடர்விழி அவரைப் பார்ப்பாள். பார்த்ததை அப்படியே காட்டுவாள்.

"மாவட்ட ஃபைனல் மேடம். கடைசி இன்னிங்ஸ். நாங்க ஒரு ரன் முன்னால. ரெண்டு அவுட் எடுத்தாச்சு. அவங்களுக்கு ரெண்டு பேர் பேஸ்ல நிக்காங்க. மட்டை பிடிச்சு வந்த பிள்ளை அதுக்கு முன்ன ரெண்டு தடவையும் டிராப்புக்குத்தான் அவுட். நோட்டுல எழுதி வச்சிருக்கேன். அதனால காதைத் தொட்டேன். பந்து இறங்கவே இல்ல. நேரா வந்துச்சு. தூக்கி அடிச்சுட்டா. ரெண்டு பேரும் உள்ள வந்துட்டாங்க."

"ம்."

"அந்த இடத்துல நான் எந்தப் பந்தைச் சொல்லியிருக்கணும்? ஒரு மாசமா இதேதான் மண்டைக்குள்ள ஓடுது."

சகாயராணி கோட்டின் மிச்சத்தையும் போட்டு முடித்தார். கையைத் தட்டிக்கொண்டார்.

"பந்தைப் பிடிச்ச பிள்ளை என்ன சொல்லுச்சு?"

"சுடர்விழியா? அவ என்ன சொல்லுவா. நான் சொன்னதைத்தான் காட்டுனா."

"கேட்டீங்களா?"

"இல்ல."

"கேட்டுட்டு அடுத்த ஞாயிறு வாங்க சார்."

அவ்வளவுதான். சகாயராணி பிள்ளைகளைக் கூப்பிட்டுக்கொண்டு ஓடப் போய்விட்டார். இதற்காகவா விடியற்காலையில் கிளம்பி வந்தோம் என்று இசக்கிமுத்துவுக்கு இருந்தது. ஊர் போய்ச் சேரும்வரை அந்த எரிச்சல் தீரவில்லை.

ஆனாலும் திங்கட்கிழமை சுடர்விழியைக் கூப்பிட்டார். ஒன்பதாம் வகுப்பு படிக்கிற பிள்ளை. கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"அந்தக் கடைசிப் பந்து ஏன் இறங்கலைன்னு உனக்கு எதுவும் தோணுச்சாம்மா?"

அவள் யாராவது கேட்கிறார்களா என்று பின்னால் திரும்பிப் பார்த்தாள்.

"சொல்லு. நான் திட்ட மாட்டேன்."

"கனிஷ்காவுக்கு விரல் நுனி உரிஞ்சிருந்துச்சு சார். ஆறாவது இன்னிங்ஸ்லயே. பந்துல ரத்தம் இருந்துச்சு. நான் பேன்ட்ல துடைச்சுட்டுத்தான் திருப்பிப் போட்டேன்."

கனிஷ்காதான் பிட்ச்சர். டிராப் இறங்க வேண்டுமென்றால் விரல் நுனியால் பந்தின் தையலை இழுத்துவிட வேண்டும். அது இசக்கிமுத்து சொல்லிக்கொடுத்ததுதான்.

"அந்த விரலை வச்சு டிராப் போட முடியாதே."

"முடியாது சார்."

"உனக்கு அப்பவே தெரியுமா?"

"தெரியும் சார்."

"பிறகு ஏம்மா ரெண்டு விரல் காட்டுன?"

"நீங்க காதைத் தொட்டீங்க."

சொல்லிவிட்டு அவள் தரையைப் பார்த்தாள். கனிஷ்கா எங்கே என்று இசக்கிமுத்து கேட்டார்.

அவள் ஒரு மாதமாகப் பயிற்சிக்கு வரவில்லை. பரீட்சைக்குப் படிக்கிறாள் என்று அவர் நினைத்திருந்தார்.

"தன்னாலதான் தோத்துச்சுன்னு நினைக்கா சார். இனி வர மாட்டாளாம். பந்து பிடிக்கிற குளோவைக்கூட எங்கிட்ட கொடுத்துட்டா."

அன்று சாயங்காலம் இசக்கிமுத்து கனிஷ்காவின் வீட்டுக்குப் போனார். வாசலில் அவள் அம்மா வியாபாரத்துக்கு இடியாப்பம் பிழிந்துகொண்டிருந்தார். கனிஷ்கா தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். சாரைப் பார்த்ததும் கையைப் பின்னால் கொண்டுபோனாள்.

"விரலைக் காட்டும்மா."

காட்டினாள். ஆறியிருந்தது. நடுவிரல் நுனியில் புதுத்தோல் மட்டும் வேறு நிறத்தில் தெரிந்தது.

"கதவு நசுக்கிருச்சுன்னுல்லா சொன்னா," என்றார் அம்மா. "ரெண்டு வாரம் ஸ்பூன்லதான் சாப்பிட்டா சார்."

இசக்கிமுத்து அங்கிருந்த முக்காலியில் உட்கார்ந்தார்.

"தப்பான பந்தைக் கேட்டது நான். நீ போட்டதுல தப்பு இல்ல."

"நான் உங்ககிட்ட சொல்லியிருக்கணும் சார்."

"நான் கேட்டிருக்கணும்."

கனிஷ்கா தட்டைத் துடைத்தாள். ஏற்கெனவே துடைத்த தட்டு. வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரவில்லை என்றும் சொல்லவில்லை. அம்மா கொடுத்த இரண்டு இடியாப்பத்தைச் சாப்பிட்டுவிட்டு இசக்கிமுத்து எழுந்து வந்துவிட்டார்.

நான்காம் நாள் அவள் மைதானத்தின் ஓரமாக வந்து நின்றாள். அவர் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தார். சுடர்விழி போய் குளோவை அவள் கையில் வைத்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

அடுத்த ஞாயிறு இசக்கிமுத்து நடந்ததையெல்லாம் சகாயராணியிடம் சொன்னார். சகாயராணி கேட்டுக்கொண்டார். பிறகு தன் பையிலிருந்து கேட்சர் மாட்டும் கம்பி முகக்கவசத்தை எடுத்து நீட்டினார்.

"உட்காருங்க சார்."

"எங்க?"

"கேட்சர் இடத்துல."

இசக்கிமுத்து முகக்கவசத்தை மாட்டிக்கொண்டு குத்தவைத்து உட்கார்ந்தார். முட்டி சத்தம் போட்டது. எதிரே ஒரு பிள்ளை வீசினாள், இன்னொருத்தி மட்டை பிடித்தாள். முதல் ஐந்து பந்தில் மூன்றைக் கோட்டைவிட்டார். ஒன்று தோளில் பட்டது. இருபது பந்து ஆனதும் சகாயராணி நிறுத்தச் சொன்னார்.

"என்ன பார்த்தீங்க?"

"அடிக்கிற பிள்ளை ஒவ்வொரு பந்துக்கும் பின்காலைக் கொஞ்சம் முன்னால கொண்டு வாரா. பெஞ்சுலருந்து இது தெரியாது."

"வேற?"

"பந்து போடுற பிள்ளை களைச்சுட்டா. முகத்துல காட்டல. தோள் சொல்லுது."

"வேற?"

அவர் யோசித்தார். "ஒவ்வொரு பந்துக்கும் முன்னாடி அவ என் கண்ணைப் பாக்கா."

முகக்கவசத்தைக் கழற்றினார். மூச்சு வாங்கினாலும் முகம் மலர்ந்திருந்தது. "இப்ப விளங்குது மேடம். இங்க உட்கார்ந்தாத்தான் பந்து சொல்ல முடியும்."

"நல்லது சார். மண்டலப் போட்டியில நீங்களே உட்காருதீங்களா?"

இசக்கிமுத்து சிரித்தார். சகாயராணி சிரிக்கவில்லை. அவரும் நிறுத்திக்கொண்டார்.

ஊருக்கு வந்ததும் தன் நோட்டை எடுத்து சுடர்விழியிடம் கொடுத்தார். மாவட்டத்தில் இரண்டாவதாக வந்த அணிக்கும் மண்டலப் போட்டியில் இடம் இருந்தது. ஆறு வாரம் பாக்கி. தினமும் பயிற்சியில் அவள் காட்டுகிற ஒவ்வொரு விரலுக்கும் பிறகு, "ஏன் அது?" என்று மட்டும் கேட்டார்.

முதல் வாரம் அவளிடம் ஒரே பதில்தான். "சார் அதைத்தான் சொல்லுவீங்கன்னு நினைச்சேன்."

மூன்றாவது வாரம், "அவ பின்கால் முன்னால வந்துச்சு சார். சீக்கிரமே மட்டையைச் சுத்தப் போறான்னு தெரிஞ்சுது. அதான் மெதுவான பந்து," என்றாள்.

கனிஷ்காவிடம் வேறு சொன்னார். "அவ காட்டுறது உனக்குச் சரிப்படலைன்னா இல்லைன்னு தலையை ஆட்டு. வேற காட்டுவா." கனிஷ்கா தலையை ஆட்டவே பத்து நாள் ஆயிற்று. ஆட்டிவிட்டு உடனே சாரைத் திரும்பிப் பார்த்தாள்.

ஒன்று மட்டும் மாறவில்லை. விரல் காட்டியதும் சுடர்விழியின் தலை பெஞ்சுப் பக்கம் திரும்பிவிடும். சரிதானா என்று ஒரு பார்வை. இசக்கிமுத்துவின் கை அதற்குள் காதுக்கோ தொப்பிக்கோ போயிருக்கும்.

"பழக்கம் விடமாட்டேங்குது மேடம்," என்றார் ஒரு ஞாயிற்றுக்கிழமை.

"யாருக்கு?"



மண்டலப் போட்டி பாளையங்கோட்டையில் நடந்தது. சகாயராணி லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். ஆட்டம் தொடங்குவதற்கு முன் ஒரு துணிப்பையை இசக்கிமுத்துவின் மடியில் வைத்தார். உள்ளே அவித்த நிலக்கடலை, தொலியோடு. இரண்டு கிலோ இருக்கும்.

"உரிங்க சார். ஆட்டம் முடிஞ்சதும் பிள்ளைகளுக்குப் பசிக்கும்."

"இப்பவா?"

"இப்பத்தான். ரெண்டு கையாலயும்."

சகாயராணி கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டார்.

இசக்கிமுத்து உரிக்க ஆரம்பித்தார். பக்கத்தில் எதிரணியின் பயிற்சியாளர் ஒரு மாதிரி பார்த்தார். முதல் இரண்டு இன்னிங்ஸும் நல்லபடியாகப் போனது. சுடர்விழி ஒவ்வொரு தடவையும் பெஞ்சைப் பார்த்தாள். பெஞ்சில் சார் கடலை உரித்துக்கொண்டிருந்தார்.

மூன்றாவது இன்னிங்ஸில் உயரமான ஒரு பிள்ளை மட்டை பிடிக்க வந்தாள். மற்றவர்களைவிட ஓர் அடி முன்னால் தள்ளி நின்றாள். மெதுவான பந்துக்காகக் காத்திருக்கிறாள் என்று இசக்கிமுத்துவுக்கு அங்கிருந்தே தெரிந்தது. சுடர்விழி காட்டியது என்னவென்று அவருக்குத் தெரியாது. ஆனால் கனிஷ்கா கையைச் சுற்றிய விதத்தில் தெரிந்துவிட்டது. மெதுவான பந்து. மட்டையில் பட்ட சத்தம் மைதானத்துக்கு வெளியே கேட்டிருக்கும். இரண்டு ரன்.

சுடர்விழி திரும்பிப் பார்த்தாள். இந்த முறை பார்வையை எடுக்கவில்லை. முகக்கவசத்துக்குள் அவள் கண்கள் நிறைந்திருந்தன.

இசக்கிமுத்துவின் கையில் ஒரு கடலை இருந்தது. இரண்டு விரலுக்கு நடுவே வைத்து நசுக்கினார். உள்ளிருந்த தண்ணீர் மணிக்கட்டு வரை வழிந்தது. துடைக்கவில்லை. அடுத்த கடலையை எடுத்தார்.

சுடர்விழி நடுவரிடம் கையைக் காட்டி ஆட்டத்தைக் கொஞ்சம் நிறுத்தக் கேட்டாள். எழுந்து கனிஷ்காவிடம் நடந்து போனாள். இருவரும் குளோவால் வாயை மறைத்துக்கொண்டு பேசினார்கள். கனிஷ்கா இல்லை என்று தலையாட்டினாள். மறுபடியும் ஆட்டினாள். பிறகு ஏதோ சொன்னாள். சுடர்விழி முகக்கவசத்தைத் தூக்கிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

அதற்குப் பிறகு அவள் பெஞ்சுப் பக்கம் பார்க்கவில்லை.

கடைசி இன்னிங்ஸில் இவர்கள் ஒரு ரன் முன்னால். இரண்டு அவுட். மூன்றாவது பேஸில் எதிரணிப் பிள்ளை ஓடத் தயாராக நின்றாள். அதே உயரமான பிள்ளை மட்டையோடு வந்தாள். சுடர்விழி விரல் காட்டினாள். கனிஷ்கா இல்லை என்று தலையாட்டினாள். இவள் வேறு காட்டினாள். அதற்கும் அவள் தலையாட்டினாள். மூன்றாவதாக ஏதோ காட்டினாள். கனிஷ்கா சரி என்றாள்.

இசக்கிமுத்து உரிப்பதை நிறுத்தியிருந்தார். கை இரண்டும் பைக்குள் இருந்தன.

பந்து என்ன பந்து என்று அவருக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. மட்டையின் அடியில் பட்டு பிட்ச்சரிடமே உருண்டு வந்தது. கனிஷ்கா எடுத்து முதல் பேஸுக்கு எறிந்தாள். அவுட்.

அன்று ஜெயித்தார்கள். மறுநாள் அரையிறுதியில் ஒன்பது ரன் வித்தியாசத்தில் தோற்றார்கள். எதிரே வந்த அணி அத்தனை பலமான அணி. மாநிலப் போட்டிக்குப் போகும் வாய்ப்பு அதோடு போயிற்று.

ஆட்டம் முடிந்து பிள்ளைகள் வேப்பமரத்தடியில் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சுடர்விழியும் கனிஷ்காவும் சாப்பிடாமல் ஏதோ வாதாடிக்கொண்டிருந்தார்கள். சோறு ஒட்டிய கையால் ஒருத்தி இரண்டு விரல் காட்டினாள். மற்றவள் அதைத் தட்டிவிட்டு மூன்று காட்டினாள்.

இசக்கிமுத்தும் சகாயராணியும் தள்ளி நின்றார்கள்.

"நேத்து அந்தக் கடைசிப் பந்து என்னன்னு கேட்டேன் மேடம். ரெண்டு பேரும் சொல்ல மாட்டேங்காங்க. அது எங்களுக்குள்ள சார்ங்காங்க."

சகாயராணி புன்னகைத்தார்.

இசக்கிமுத்து அந்த விரல்களைப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"பந்து சொல்லுறதை அவங்களே பார்த்துக்கிடுதாங்க. இனி பெஞ்சுல நான் எதுக்கு மேடம்?"

"இன்னைக்கு ஒன்பது ரன்ல தோத்தீங்களே. அந்தக் கேட்சர் பிள்ளை எத்தனை தடவை உங்களைத் திரும்பிப் பார்த்துச்சு?"

"ஒரு தடவைகூட இல்ல."

"பெஞ்சுல இருந்து அதை யாரு சார் பார்த்தது?"