காலிப் பொந்துக்குப் பழம் சுமந்த இருவாச்சி

மலைக்காட்டில் ஓர் உயரமான மரத்துப் பொந்தில் இருவாச்சிப் பறவைத் தம்பதி குடித்தனம் நடத்தினார்கள். கணவன் பொன்னலகன். மனைவி வெண்விழி.

இருவாச்சிகளின் வழக்கமே தனி. முட்டையிடும் காலத்தில் பெண் பொந்துக்குள் போய் வாசலை அடைத்துக்கொள்ளும். அலகு நுழைய ஒரு சிறு இடுக்கு மட்டும் இருக்கும். ஆண் பழம் கொண்டுவந்து அதன் வழியே ஊட்ட வேண்டும். "போதுமா?" "இன்னும் ஒண்ணு!" இத்தனை வருஷத் தாம்பத்தியத்தில் இவர்கள் பேசியது ஏறக்குறைய இவ்வளவுதான்.

கடைசிப் பிள்ளையும் பறந்துவிட்டது. இனி முட்டையிடும் வயதில்லை. வெண்விழி ஓய்வாகக் கிளையில் வந்து உட்கார்ந்தாள்.

மறுநாள் விடிந்ததும் பொன்னலகன் அத்திப்பழத்தோடு வந்தான். நேரே பொந்துக்குள் போட்டான்!

"யாருக்குங்க இது?"

"அட, பழக்கதோஷம்!" என்று அசடு வழிந்தான். அவள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தான். என்ன பேசுவதென்றே தெரியவில்லை. மறுபடி பழம் தேடப் பறந்துவிட்டான்.

பக்கத்துக் கிளை மலையணிலுக்கு யோகம் அடித்தது. பொந்தில் விழுந்ததையெல்லாம் தின்றுவிட்டு, "குடும்பத் தலைவன்னா நீங்கதாண்ணே! நிறுத்திடாதீங்க!" என்று உசுப்பேற்றியது. நம்ம ஆளுக்குத் தலைகால் புரியவில்லை. முன்னைவிட அதிகமாகச் சுமந்தான்.

ஒரு நாள் வெண்விழி சிறகை விரித்தாள். "நான் நம்ம பொண்ணுகிட்டயே போயிடறேன். இனி வரமாட்டேன்."

"ஏன்? பழம் பத்தலையா?"

"பழத்தை யார் கேட்டா? எல்லாம் பொந்துக்குத்தான் போகுது. நான் தனியா உட்கார்ந்திருக்கேன்!"

பொன்னலகன் அவளை வழிமறித்தான். பாவம், உண்மையைப் போட்டு உடைத்தான். "போகாதே வெண்விழி! உன் பக்கத்துல உட்கார எனக்குக் கூச்சமா இருக்கு. பழம் கொண்டுவர்றதைத் தவிர எனக்கு ஒண்ணும் தெரியாது."

வெண்விழியின் கோபம் கரைந்தது. "எனக்கு மட்டும் தெரியுமா? உங்களை முழுசா பார்த்ததே இப்பதானே! வாங்க, சேர்ந்தே பறக்கலாம்."

இருவரும் பறந்தார்கள். அவள் அத்தி மரத்தைத் தாண்டிப் போய் ஒரு நாவல் மரத்தில் இறங்கினாள்.

"உனக்கு நாவல்பழமா பிடிக்கும்?"

"ரொம்ப! நீங்க 'போதுமா'ன்னுதானே கேட்டீங்க, 'பிடிச்சிருக்கா'ன்னு கேட்கலையே!"

அன்று இருட்டும் வரை இருவரும் பேச்சை நிறுத்தவில்லை.

பிள்ளைகள் பறந்துபோன பிறகு, கணவனும் மனைவியும் பழைய கடமைகளையே கட்டிக்கொண்டு அழாமல், ஒருவரை ஒருவர் புதிதாகத் தெரிந்துகொள்ள வேண்டும்.