ஆற்றுக்குப் போகிற வழி

மடத்துக்கு வந்தபோதே ஐயாறப்பருக்குத் தலை நரைத்திருந்தது. குருவைவிட மூத்தவர். மனைவியைப் பறிகொடுத்த பிறகு வந்தவர். மிச்சமிருக்கிற காலத்துக்குள் எல்லாவற்றையும் கற்றுக்கொண்டுவிட வேண்டும் என்று ஓடினார். விடியுமுன் பாராயணம், பிறகு தோட்டம், அடுப்படி, மறுபடியும் பாராயணம். சோற்றைக்கூட நின்றபடியே விழுங்கிவிடுவார்.

இளைய சீடன் மருதப்பன் அப்படியில்லை. மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனால், அது குடித்துவிட்டு நிமிரும்வரை கழுத்தைத் தடவியபடி நிற்பான். ஆனாலும் மாலையில் ஆற்றுக்குக் கிளம்பும்போது குரு கூப்பிடுவது அவனைத்தான். கொஞ்ச நேரத்தில் மூங்கில் புதருக்கு அப்பாலிருந்து குருவின் சிரிப்பு கேட்கும்.

அந்தச் சிரிப்பு ஐயாறப்பருக்கு முள்ளாகத் தைத்தது. தமக்குத் தராத எதையோ குரு அவனுக்கு மட்டும் அங்கே வைத்துக் கொடுக்கிறார் என்று நினைத்தார். ஒருநாள் அவனையே கேட்டுவிட்டார், சாமி என்னதான் சொல்லித் தருகிறார் என்று.

"நேத்து ஓணான் பார்த்தோம், அண்ணே."

மறைக்கிறான். அன்று பொழுது சாய்ந்ததும் குருவின் முன்னால் போய் நின்றார்.

"இன்று நான் வரட்டுமா, சாமி?"

"வாருமேன்."

செம்பையும் துண்டையும் எடுத்துக்கொண்டு ஐயாறப்பர் முன்னால் நடந்தார். பாதையில் கிடந்த முள்ளை ஒதுக்கினார். படித்துறையைக் கழுவிவிட்டார். திரும்பிப் பார்த்தால் குருவைக் காணோம். பதறிப்போய் ஓடினார். மூங்கில் புதரடியில் குரு நின்றுகொண்டிருந்தார். எதிரே ஓர் ஓணான் தலையை ஆட்டிக்கொண்டிருந்தது.

"பொழுது போகிறதே, சாமி."

காலடிச் சத்தத்தில் ஓணான் ஓடிவிட்டது. குரு படித்துறைக்கு நடந்தார். அவர் குளித்துக் கரையேறுவதற்குள் ஐயாறப்பர் வேட்டியைத் துவைத்துப் பிழிந்து, புறப்படத் தயாராக நின்றார்.

விளக்கு வைக்குமுன்பே மடத்துக்குத் திரும்பிவிட்டார்கள். மருதப்பன் வாசலில் நின்றான்.

"அதுக்குள்ளயா? ஆறு வத்திப்போச்சா, அண்ணே?"

ஐயாறப்பருக்குக் கண் கலங்கிவிட்டது. அவன் உள்ளே போகும்வரை காத்திருந்தார்.

"நான் ஒரு குறையும் வைக்கவில்லையே, சாமி. அவனோடு போனால் சிரிக்கிறீர்கள். என்னோடு வந்தால் ஏன் அது இல்லை?"

குரு ஈரத் துண்டை உதறிக் கொடியில் விரித்தார்.

"நீர் ஆற்றுக்கு வந்தீர், ஐயாறப்பரே. அவன் என்னோடு வருவான்."