அருவி வழியில் படுத்திருந்த அட்டை

அட்டைக்கு நான்கு கால்களும் இரண்டு கண்களும் இருந்த அந்தக் காலத்தில், அது மனிதரோடு பேசும். காட்டில் வழியும் காட்டும். உடும்புக் குட்டி அளவுதான் இருக்கும். "நான் இன்னும் வளர்ற பருவம். பாத்துக்கிட்டே இருங்க, முதலை அளவுக்கு வந்துடுவேன்" என்று எதிரில் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கும்.

அந்த மலையில் முகட்டூர் என்று ஒரு சிற்றூர். ஒரு கோடையில் ஊரின் ஊற்று வற்றிப்போனது. மலைக்குள் எங்கோ ஓர் அருவி விழுவது ஊருக்குத் தெரியும். அதன் சத்தம் ஓயாமல் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. ஆனால் அதைக் கண்ணால் கண்டவர் இல்லை. சுற்றிலும் பாறைச் சுவர்கள் இருந்ததால் சத்தம் அவற்றில் மோதி எல்லாத் திசையிலிருந்தும் வந்தது. சத்தத்தைப் பிடித்துக்கொண்டு போனவர்கள் சுற்றிச் சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே வந்து நின்றார்கள். அட்டையை அழைத்துப் போனவர்களும் பாதியில் "இதோ, இந்தப் பக்கம்தான் கேக்குது" என்று அதை விட்டுவிட்டு ஓடி, அதே கதிக்கு ஆளானார்கள்.

ஆடுகள் சாகத் தொடங்கியதும் ஊரின் தலைவர் சடைய மூப்பன் எல்லோரையும் கூட்டினார்.

"நாளைக்கு உச்சி வெயில் சாஞ்சதும் கீழ்நாட்டுக்குக் கிளம்புறோம். நடக்க முடிஞ்சவங்க மூட்டையைக் கட்டுங்க."

"நடக்க முடியாதவங்க?" என்று சிலம்பாயி கேட்டாள்.

மூப்பன் தரையைப் பார்த்தார். சிலம்பாயியின் கணவன் காராளனைக் கரடி அடித்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. அவன் வலது கால் மடங்காது.

"அந்த இறக்கத்துல அவனைத் தூக்கிக்கிட்டு இறங்க முடியாது தாயி. தூக்குறவனும் சேர்ந்து உருண்டுடுவான். இருக்கிற தண்ணியையும் கஞ்சியையும் பக்கத்துல வச்சிட்டுப் போவோம். மழை பெஞ்சா திரும்பி வந்து பார்ப்போம்."

மழை வர இன்னும் எத்தனை நாள் இருக்கிறது என்று அவள் கேட்கவில்லை. அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

காராளன் குடிசைக்குள் வாசலுக்குக் குறுக்கே காலை நீட்டிப் படுத்திருந்தான். அவனுக்கு வேறு மாதிரி படுக்க முடியாது. சிலம்பாயி உள்ளே வரும்போதெல்லாம் சுவரோடு ஒட்டி, அவன் தலைமாட்டைச் சுற்றித்தான் வருவாள். படுத்திருப்பவரைத் தாண்டினால் அவருடைய வளர்ச்சி நின்றுவிடும் என்பது மலையில் எல்லோரும் அறிந்தது. தெரியாமல் தாண்டிவிட்டால், தாண்டியவரே மறுபடி இந்தப் பக்கம் தாண்டி அதைக் கழித்துவிட வேண்டும்.

"இனிமே நான் என்ன வளரப்போறேன்? தாண்டிப் போ" என்றான் காராளன்.

"கால் ஆறவேண்டியது இருக்குல்ல? அதுவும் வளர்ச்சிதான். வாயை மூடிக்கிட்டுக் கிட."

"கரடி தின்னாம விட்ட மிச்சம் நான். நீ அவங்களோட கிளம்பு, சிலம்பு."

"கரடிக்கே வேண்டாதவனை நான்தான் வச்சிக்கணும். வேற யாரு வச்சிப்பா?" என்றாள் அவள்.

விடிந்ததும் காலிக் குடத்தை எடுத்துக்கொண்டு காட்டுக்குள் போனாள். ஈட்டி மரத்தடியில் அட்டை உட்கார்ந்து கால்களை நக்கிக்கொண்டிருந்தது.

"யாரு, முகட்டூரா? அருவிதானே? வேண்டாம்மா. உங்க ஊர்க்காரங்களோட மாரடிச்சு எனக்கு அலுத்துப்போச்சு. காதைக் கேட்டு ஓடுவீங்க, அப்புறம் அட்டை ஏமாத்திடுச்சும்பீங்க."

சிலம்பாயி பக்கத்தில் வெடித்துக் கிடந்த இலவங்காயிலிருந்து பஞ்சை எடுத்து இரண்டு காதையும் அடைத்துக்கொண்டாள். அட்டை அதைப் பார்த்துச் சிரித்தது. பிறகு கிட்டே வந்து, அவள் ஒரு காதின் பஞ்சை விலக்கியபோது கூலியைச் சொன்னது.

"உன் கையால முதல் கை தண்ணி எனக்கு. நீ குடிக்கிறதுக்கு முன்னாடி."

"சரிண்ணே."

வழி காட்டியவருக்கே முதல் தண்ணீர் என்பது மலையின் முறை. அவள் பஞ்சைத் திரும்ப அடைத்துக்கொண்டு பின்னால் நடந்தாள்.

அட்டை காதால் வழி தேடவில்லை. அது வயிற்றால் தேடியது. பாதை பிரியும் இடத்திலெல்லாம் தரையோடு தரையாகப் படுத்துக்கொள்ளும். எந்தப் பக்கத்து மண் குளிர்ச்சியாக இருக்கிறதோ அந்தப் பக்கம் எழுந்து போகும். மூங்கில் புதரைக் கடந்தார்கள். காட்டு ஏலம் மண்டிய பள்ளத்தில் இறங்கி ஏறினார்கள். கற்களின் ஒரு பக்கத்தில் மட்டும் பாசி தெரிந்தது. பிறகு எல்லாப் பக்கமும் தெரிந்தது. ஒவ்வொரு முறை அட்டை படுத்தபோதும் சிலம்பாயி பின்னால் நின்று காத்திருந்தாள். வெயில் ஏறிக்கொண்டே போனது.

கடைசி வளைவில் பாதை ஒரு பாறை விளிம்பாகக் குறுகியது. ஒரு பக்கம் சுவர், ஒரு பக்கம் பள்ளம். அங்கே அட்டை குறுக்காகப் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டது. அந்த நேரத்தில் சிலம்பாயியின் முகத்தில் சாரல் அடித்தது. எட்டிப் பார்த்தாள். பாறைச் சுவரின் உச்சியிலிருந்து அருவி வெள்ளையாக விழுந்துகொண்டிருந்தது. கீழே கரும்பச்சையாக ஒரு மடு.

குடிசையில் ஒவ்வொரு நாளும் சுற்றிப் போனவள், அங்கே சுற்றிப் போக இடமில்லாமல், காத்திருக்கவும் மனமில்லாமல், ஒரு காலைத் தூக்கி வைத்து அட்டையைத் தாண்டினாள்.

"தாண்டிட்டியே! திரும்பு, தாயி, திரும்பு!" என்று அட்டை கத்தியது. அவள் காதில் பஞ்சு இருந்தது.

மடுவில் முழங்கால் வரை இறங்கி இரண்டு கைகளாலும் அள்ளிக் குடித்தாள். குடத்தை நிரப்பினாள். நனைந்த பஞ்சு காதிலிருந்து தானாக நழுவி விழுந்தபோதுதான் அவளுக்கு எல்லாம் நினைவுக்கு வந்தது. முதல் கையையும் குடித்துவிட்டாள். தாண்டியும் விட்டாள்.

திரும்பிப் போய்க் கழித்துவிடலாம் என்றுதான் இரண்டடி வைத்தாள். அப்போது மடு வழிந்து ஓடும் பக்கம் மரங்களுக்கு நடுவே முகட்டூரின் கூரைகள் தெரிந்தன. நேர் கீழே, கூப்பிடு தூரத்தில். ஊருக்கு மேலே நிற்கும் வழுக்குப் பாறையின் தலையில்தான் அவள் நின்றுகொண்டிருந்தாள். ஓடை அந்தப் பாறையில் கொஞ்ச தூரம் இறங்கி ஓர் இடுக்கில் புகுந்து மறைந்தது. அதனால்தான் கீழே எவருக்கும் தெரியாமல் இருந்திருக்கிறது. அந்தப் பாறையில் ஏற முடியாது. உட்கார்ந்து சறுக்கினால் இறங்கலாம்.

கீழே ஆட்கள் மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். வெயில் உச்சியைத் தொட்டிருந்தது. வந்த வழியே போனால் ஊர் காலியாகியிருக்கும்.

"அண்ணே! நாளைக்கு வந்து கழிச்சிடுறேன்!" என்று வளைவைப் பார்த்துக் கத்தினாள். அருவிச் சத்தத்தில் அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. குடத்தின் வாயை முந்தானையால் கட்டி மடியில் அணைத்துக்கொண்டு சறுக்கினாள்.

முழங்கை தேய்ந்து, சேலை கிழிந்து, அவள் ஊர் நடுவே வந்து நின்றபோது மூப்பன் தலைமூட்டையோடு முதல் ஆளாகக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

"எங்கேம்மா விழுந்து எழுந்து வர்றே?" என்றார் எரிச்சலாக.

குடத்தைச் சாய்த்து அவர் கையில் கொஞ்சம் ஊற்றினாள். தண்ணீர் பல் கூசுமளவு குளிர்ந்திருந்தது. மூப்பன் குடித்துவிட்டுத் தலைமூட்டையைக் கீழே போட்டார். மிச்சத்தை அவள் காராளனிடம் கொண்டுபோனாள், தலைமாட்டைச் சுற்றி.

மறுநாள் ஊரே மூங்கில்களைச் சுமந்துகொண்டு கிளம்பியது. மூங்கிலைப் பிளந்து மடுவிலிருந்து ஊருக்குத் தண்ணீரை இறக்குவது திட்டம். சிலம்பாயி முன்னால் நடந்து, வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள். "கடைசி வளைவுல எல்லாரும் நில்லுங்க. அங்க ஒருத்தர் படுத்திருக்கார். நான் போய்க் கழிச்சதுக்கு அப்புறம்தான் நீங்க போகணும்."

"சரி சரி" என்றார்கள்.

வளைவில் சாரல் முகத்தில் அடித்தது. அவ்வளவுதான். அவளை ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டு, கீழே பார்க்காமல் தாண்டி ஊரே ஓடியது. பெண்கள் ஓடினார்கள், கிழவர்கள் ஓடினார்கள், மூங்கிலோடு ஆண்கள் ஓடினார்கள். எல்லோரும் போனபிறகு சிலம்பாயி குனிந்து தேடினாள். உடும்புக் குட்டி அளவில் எதுவும் இல்லை. சருகு மட்டும் கிடந்தது. சருகைப் புரட்டினாள். அடியில் ஒரு கறுத்த நூல்துண்டு கிடந்தது. காலும் இல்லை, கண்ணும் இல்லை. அது தலையைத் தூக்கி நாலாபக்கமும் துழாவியது.

"அண்ணே" என்றாள்.

அது பேசவில்லை. வாய் மட்டும்தான் மிஞ்சியிருந்தது, குரல் மிஞ்சவில்லை.

அவள் அந்தப் பக்கம் போய், இந்தப் பக்கமாகத் திரும்பத் தாண்டினாள். நூல்துண்டு விரல் நீளத்துக்கு நீண்டது. பிறகு மறுபடி சுருங்கிவிட்டது. அவள் தாண்டியதை மட்டும்தானே அவளால் கழிக்க முடியும்? மற்றவர்கள் திரும்பி வரட்டும், ஒவ்வொருவராகத் தாண்டச் சொல்லலாம் என்று வளைவிலேயே உட்கார்ந்திருந்தாள். மாலை வரை எவரும் வரவில்லை. எல்லோரும் மூங்கிலைப் பொருத்திவிட்டுச் சிரித்துக்கொண்டே வழுக்குப் பாறையில் சறுக்கி வீடு போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

இருட்டும் முன்பு அவள் மடுவுக்குப் போய் ஒரு கை தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். அட்டை அதைத் தொடவில்லை. முதல் தண்ணீர் அவள் உடம்புக்குள் அல்லவா போயிருந்தது. அது மெல்ல அவள் கணுக்காலில் ஏறி அங்கே வாயை வைத்தது. சிலம்பாயி பிடுங்கவில்லை. அது குடித்துத் தானாக விழும்வரை அசையாமல் நின்றாள். விழுந்தபிறகும் ரத்தம் நிற்காமல் அருவி மாதிரி மெல்லியதாக வழிந்துகொண்டே இருந்தது.

அன்றிலிருந்துதான் அருவிக்குப் போகிற வழிகளிலெல்லாம் காலடி கேட்டதும் அட்டை தலையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது, நீண்டு நீண்டு சுருங்குகிறது. அன்றிலிருந்துதான் முகட்டூர்க்காரர்கள் காலில் ஏறிய அட்டையைப் பிடுங்காமல், அது குடித்து விழும்வரை பொறுத்திருந்து, போன வழியிலேயே திரும்பி வருகிறார்கள்.