வாழைக்கு விதை இல்லாமப் போனது

அந்தக் காலத்துல, மரம் மட்டைகூட வாய்விட்டுப் பேசிக்கிட்டு இருந்தப்ப, ஒரு மலைச்சரிவுல சடச்சின்னு ஒரு காட்டு வாழை இருந்தா. அப்பல்லாம் வாழைப்பழத்துக்குள்ள கல்லு கல்லா விதைதான். பக்கத்துல ஒரு பலாக்காரி. வயிறு பூரா பிள்ளைங்கன்னு அவளுக்கு ஒரே பெருமை, அவ கதைய எடுத்தா பொழுது விடிஞ்சிரும், விடு. அவ சடச்சியக் கேலி பண்ணுவா, உன் பழத்தத் தின்னா பல்லுதாண்டி போகும்னு.

விதை வைக்க ஒரு முறை உண்டு. எல்லாருக்குள்ளயும் உசுருச் சரடு ஜோடி ஜோடியா இருக்கும். தாய் ஒவ்வொரு ஜோடியையும் பிரிச்சு, ஒத்தைய மட்டும் பிள்ளைக்கு வைக்கணும். தகப்பனோட ஒத்தைய வவ்வால் கொண்டாரும். அது ஏன் தலைகீழாத் தொங்குதுங்கிறது வேற கூத்து, கல்யாண வீட்டுல நடந்தது, அது கெடக்கட்டும். ரெண்டு ஒத்தையும் சேந்தா பிள்ளைக்கு மறுபடி ஜோடி.

சடச்சி பிள்ளைங்க யானை மிதிச்சும் வெள்ளம் அடிச்சும் போயிருச்சு. கடைசியா ஒரே ஒரு விதை வைக்கத்தான் தெம்பு இருந்துச்சு.

"சீக்கிரம் பிரி அக்கா, நேரமாகுது"ன்னுச்சு வவ்வால்.

"இதுவும் போயிருமோன்னு இருக்கு தம்பி. ரெண்டையும் இவளே வச்சிக்கட்டும்."

வவ்வாலுக்குத் தேன் குடிக்கிற அவசரம். தகப்பன் ஒத்தையையும் அதோட போட்டுட்டுப் பறந்துருச்சு.

அந்த விதையில வந்தவதான் சிலம்பாயி. அவ மண்ணப் பொளந்து எட்டிப் பாக்குறப்ப ஆத்தா சாஞ்சு மக்கிப் போயிருந்தா. சொந்தம்னு பேச ஆளில்ல. ஆனா வளத்தி என்னா வளத்தி, இலை ஒண்ணொண்ணும் பந்தலாட்டம். பலாக்காரியே வாய மூடிக்கிட்டா.

சிலம்பாயிக்கு வேண்டியது ஒண்ணுதான், கூடப் பேச ஒரு பிள்ளை. பூ தள்ளினதும் சரடப் பிரிக்க உக்காந்தா. எல்லாம் மூணு மூணா வந்துச்சு. இந்தப் பக்கம் ஒண்ணு வச்சா, அந்தப் பக்கம் ஒண்ணு வச்சா, ஒண்ணு கையிலயே நின்னுச்சு. அத எந்தப் பக்கம் போட்டாலும் விதை கருகிப் போச்சு. கடைசி விதை வரைக்கும் அப்படித்தான்.

"ஆத்தா ஏன் எனக்கு இப்படி வச்சா?"

தேன் குடிக்க வந்த வவ்வால் அவ மூஞ்சியப் பாக்கல. "குறைச்சுக் குடுக்க மனசு வரல, தாயி."

குலை பழுத்துச்சு. விதையில்லாத பழம், அம்புட்டு இனிப்பு. காடே வந்து தின்னுச்சு, தின்னுட்டுப் போயிருச்சு. அவ சாயப் போற நேரத்துல காலடியில ஒரு குருத்து எட்டிப் பாத்துச்சு.

"யாருடி நீ, என் மகளா?"

"தெரியலயே. உன் நெனப்புதான் எனக்கும் இருக்கு."

தடவிப் பாத்தா, அதே மூணு சரடு. மகளில்ல, அவளேதான்.

அன்னையில இருந்துதான் வாழை தன் காலடியிலயே தானா மொளைக்குது. தோப்பு பூரா நின்னாலும் நிக்கிறது ஒருத்திதான். பழத்தக் குறுக்க வெட்டிப் பாரு, நடுவுல பொடிப் பொடியாக் கறுப்புப் புள்ளி. அதெல்லாம் சிலம்பாயி பிரிக்கப் பாத்த இடம்.