குங்கிலியம் தின்ற மான்கள்

காட்டுக் குளம் வற்றிக்கொண்டிருந்தது. ஆற்றுக்குப் போனால்தான் யானைக் கூட்டம் பிழைக்கும். அதற்கு வழி தெரிந்தவள் தலைவி அலங்காரி ஒருத்திதான். அவளுக்கோ முன்னங்கால் முட்டி இரண்டும் வீங்கி, எழுந்து நிற்பதே பெரும்பாடாக இருந்தது. குட்டிகள் சேற்றை உறிஞ்சித் துப்புவதைப் பார்த்தபடியே கிடந்தாள்.

அந்த நேரம் பார்த்து நரி சம்புலிங்கம் வந்து சேர்ந்தது. கையில் ஒரு தொன்னை நிறையக் குங்கிலியப் பிசின். மூட்டுவலிக்கு இதுதான் பரம்பரை மருந்து என்றது. யாருடைய பரம்பரை என்று ஒருவரும் கேட்கவில்லை.

அலங்காரிக்கு ஆசைதான். ஆனாலும் தலைவி அல்லவா? சோதித்துப் பார்க்காமல் வாயில் வைக்கமாட்டேன் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

"தாராளமா சோதிக்கலாம் தாயி! பாதிப் பேருக்குப் பிசின், பாதிப் பேருக்கு வெறும் களிமண். ஆலமரத்துல இருந்து பாறை வரைக்கும் நடக்கவிட்டுப் பார்ப்போம். நீங்களே நடுவரா இருங்க" என்றது நரி.

பேச்சில் நியாயம் இருந்தது. யாருக்கு எதைக் கொடுப்பது என்ற வேலையை மட்டும் நரி தானே இழுத்துப் போட்டுக்கொண்டது. பிசின் மான்களுக்குப் போனது. களிமண் ஆமைகளுக்குப் போனது.

மான்கள் கண் மூடித் திறப்பதற்குள் பாறையைத் தொட்டன. ஆமைகள் பொழுது சாயும்வரை வந்துகொண்டே இருந்தன. நரி வாலைத் தூக்கிக்கொண்டு ஊளையிட்டது. காடே ஆரவாரம் செய்தது.

கடைசியாக வந்த ஆமைக்கு மூச்சு வாங்கியது. "களிமண் தின்கிறதுக்கு முன்னாடியும் நான் இப்படித்தான் நடந்தேன் தாயி. எனக்கு மூட்டுவலியே கிடையாது."

அலங்காரிக்குச் சுருக்கென்றது. மான்களுக்கும் வலி கிடையாது என்பது அவளுக்குத் தெரியாதா என்ன? தெரியும். ஆனால் மருந்து பலித்துவிட வேண்டுமே என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. தோற்றுப்போனவர்கள் இப்படித்தான் பேசுவார்கள் என்று ஆமையின் வாயை அடைத்துவிட்டாள்.

பிசினைத் தின்றாள். அசையாமல் படுத்திருந்தால்தான் மருந்து இறங்கும் என்றது நரி. படுத்துக்கொண்டாள். குளம் இன்னும் சுருங்கியது. வந்து விசாரித்தவர்களிடமெல்லாம், இன்றைக்குப் பரவாயில்லை என்றாள். நடுவராக இருந்தவள் வேறென்ன சொல்வாள்?

ஒரு நாள் காலையில் கடைக்குட்டி சேற்றில் சரிந்து விழுந்தது. எழவில்லை. அலங்காரி பதறிப்போய் எழுந்தாள். முட்டி முன்னைவிட மோசமாக வலித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, குட்டியைத் தும்பிக்கையால் நிமிர்த்தி, தள்ளியபடியே நடந்தாள். கூட்டம் பின்னால் வந்தது. ஒருவழியாக ஆறு தெரிந்தது. குட்டி தண்ணீரில் வாய் வைத்ததும் அவள் தேம்பி அழுதுவிட்டாள்.

பின்னாலேயே நரியும் வந்தது. "பார்த்தீங்களா தாயி, பிசின் வேலை செஞ்சிருச்சு" என்று பல்லை இளித்தது. ஆனால் அது நொண்டிக்கொண்டிருந்தது. காலுக்கு என்ன என்று அலங்காரி கேட்டாள். இவ்வளவு தூரம் நடந்ததில் மூட்டு பிடித்துக்கொண்டது என்றது நரி.

"அப்போ நீயும் பிசினைத் தின்ன வேண்டியதுதானே?"

நரி தொன்னையைச் சட்டென்று முதுகுக்குப் பின்னால் மறைத்தது.

"ஐயோ, அதை இன்னும் சரியா சோதிக்கவே இல்லையே தாயி!"

நீதி: நாம் விரும்பும் பதிலை முதலிலேயே முடிவு செய்துவிட்டு நடத்துகிற சோதனை, நம்மையே ஏமாற்றிவிடும்.