வானத்தையும் பார்த்த கோழி

காட்டை ஒட்டி ஒரு குளம் இருந்தது. குளக்கரையில் தோட்டக்காரர் ஒருவரின் வீடு. அந்த வீட்டில் செவலை என்று ஒரு பூனையும் கொண்டைக்காரி என்று ஒரு கோழியும் வளர்ந்தன. செவலைக்கு ஒரே ஒரு குட்டி, பெயர் பஞ்சு. வெள்ளை வெளேர் என்று இருக்கும். கோழிக்கோ ஒரு பட்டாளமே குஞ்சுகள்.

செவலை அந்தக் குஞ்சுகளைத் தொடுவதில்லை. ஒரு முறை மூக்கை நீட்டிக் கோழியிடம் கொத்து வாங்கியதோடு அந்த ஆசை போயிற்று!

மற்றபடி வேட்டையில் செவலை கெட்டிக்காரிதான். எலி வளைக்கு முன்னால் உட்கார்ந்தால் கல்லாய்ச் சமைந்துவிடும். மீசைகூட ஆடாது. அந்த வித்தையைத்தான் பஞ்சுக்கும் சொல்லிக் கொடுத்திருந்தது.

"ஆபத்துன்னு தோணுச்சுன்னா அசையாதே! அசையாதவங்களை யாரும் பார்க்க மாட்டாங்க!"

"சரிம்மா!" என்றது பஞ்சு.

கோழியின் வழி வேறு. கொஞ்சம் மண்ணைக் கிளறும். உடனே தலையைச் சாய்த்து ஒரு கண்ணால் வானத்தைப் பார்க்கும். மேலே எதுவாவது வட்டமிட்டால் போதும், "கிர்ர்ர்!" என்று நீட்டி ஒரு குரல் கொடுக்கும். குஞ்சுகள் விழுந்தடித்து ஓடி இலந்தை முள்வேலிக்குள் புகுந்துவிடும். எதற்கு என்று நின்று கேட்கிற குஞ்சு அதில் ஒன்றுகூட இல்லை.

செவலைக்கு அதைப் பார்த்தால் சிரிப்பு.

"என்ன கோழியக்கா, வானம் இடிஞ்சு விழுந்துடுமா? அண்ணாந்து அண்ணாந்து கழுத்து சுளுக்கிக்கப் போகுது!"

"வானம் விழாது தங்கச்சி. வானத்துல இருக்கறவன் விழுவான். அந்தப் பட்ட மரத்துல ராசாளி வந்து உட்கார ஆரம்பிச்சிருக்கான், பார்த்தியா? உன் பிள்ளையையும் எங்களோட வேலியோரமா விளையாட விடு."

"நான் வேட்டைக்காரி! என் பிள்ளை கோழிக்குஞ்சு மாதிரி ஓடி ஒளியணுமா? நல்லா இருக்கு கதை!"

கோழி கோபித்துக்கொள்ளவில்லை. "உன் இஷ்டம். வேலிக்குள்ள இடம் இருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனது. அந்தக் குணத்துக்கே அதற்கு ஒரு கும்பிடு போடலாம்.

மறுநாள் காலை பஞ்சு, துணி துவைக்கிற கறுப்புக் கல்லின் மேல் வெயில் காய்ந்துகொண்டிருந்தது. செவலை எதிர்க்கரையில் மீனுக்குக் காத்திருந்தது.

கல்லின் மேல் ஒரு நிழல் ஓடியது.

"கிர்ர்ர்! பஞ்சு! ஓடி வா! வேலிக்குள்ள வா!" என்று கோழி அலறியது.

பஞ்சு ஓடவில்லை. அம்மா சொன்னது அதற்கு நன்றாக நினைவிருந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே உறைந்து போயிற்று. ஐயோ பாவம், கறுப்புக் கல்லின் மேல் வெள்ளைக் குட்டி! அசையாமல் இருப்பது எலியை ஏமாற்றும். மேலேயிருந்து பார்க்கிற ராசாளிக்கோ அது இலையில் பரிமாறி வைத்த சோறு.

செவலை தலையைத் தூக்கியது. பிறந்ததிலிருந்து அன்றுதான் அது வானத்தைப் பார்த்தது! ராசாளி சிறகை ஒடுக்கிக்கொண்டு நேரே குட்டியை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது. ஓடிப் போய்ச் சேர முடியாது, நடுவில் குளம். குரல் ஒன்றுதான் போய்ச் சேரும். 'அசையாதே' என்ற சொல் பழக்கத்தில் அதன் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. செவலை அதை அப்படியே விழுங்கியது.

"பஞ்சு! அம்மா சொன்னது தப்பு! கோழிப் பெரியம்மா சொல்றதைக் கேளு! ஓடு!"

பஞ்சு பாய்ந்தது. ராசாளியின் நகங்கள் வெறும் கல்லைக் கீறின.

வேலியின் வாயில் கோழி சிறகை விரித்து நின்றது. குட்டியை உள்ளே வாங்கிக்கொண்டு, கழுத்து இறகைச் சிலிர்த்துக்கொண்டு கத்தியது: "வாடா, வந்து பாரு! பாதி இறகை இந்த முள்ளுல விட்டுட்டுத்தான் போவே!"

ராசாளி முள்ளைப் பார்த்தது, கோழியையும் பார்த்தது. காட்டுப் பக்கம் பறந்து போய்விட்டது.

குளத்தைச் சுற்றி ஓடி வந்த செவலை, குட்டியைத் தலை முதல் வால் வரை நக்கியது. பிறகு கோழியின் பக்கம் திரும்பியது.

"அக்கா, உன்னைக் கேலி பண்ணின வாய் இது. மனசுல வச்சுக்காதே!"

"வச்சுக்க எனக்கு எங்கே நேரம்? வானத்தைப் பார்க்கணுமே! ஆனா ஒண்ணு தங்கச்சி. 'நான் சொன்னது தப்பு'ன்னு குளம் பூரா கேட்கக் கத்தினியே, அந்தத் தைரியம் எனக்கு வந்திருக்குமான்னு தெரியல!"

அதன் பிறகு பஞ்சு குஞ்சுகளோடு வேலியோரமாகத்தான் விளையாடியது. கோழிக் கூண்டுப் பக்கம் கீரி வராமல் செவலை காவல் இருந்தது.

ஒரு நாள் மறுபடியும் "கிர்ர்ர்!" என்று குரல் கேட்டது. குஞ்சுகள் ஓடின. பஞ்சுவும் ஓடியது. அவர்கள் எல்லோருக்கும் முன்னால் வேலிக்குள் போய் உட்கார்ந்திருந்தது யார் தெரியுமா? வேட்டைக்காரி செவலைதான்!

தான் சொன்னதே சரி என்று பிடிவாதம் பிடிக்காமல், விஷயம் தெரிந்தவர் பேச்சுக்கு வேளையறிந்து விட்டுக்கொடுப்பவரே தம் பிள்ளைகளைக் காப்பாற்றுவார்.