வேரில்லாச் சிவப்பு

மருதங்குடி ஜமீன் சாயப்பட்டறையில் ஏழு பேர் வேலை செய்தார்கள். அவர்களுக்கு மதியச் சோறு போடுவது மணியக்காரர் ஏகாம்பரத்தின் பொறுப்பு. "சோறு நாறுதுங்க" என்று சாயக்காரி வீராயி ஒருநாள் சொல்லிவிட்டாள். அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

"வாய் நீளுதா? சாய வேர், பூ எதுவும் தரமாட்டேன். அஞ்சு நாளில் இந்த வெள்ளைப் பட்டுத்துணியைச் சிவப்பாக்கு. இல்லேன்னா பட்டறையை விட்டு ஓடு!"

ஐந்தாம் நாள் வீராயி ஜமீன்தார் முன் துணியை விரித்தாள். செம்பருத்தியாய்ச் சிவந்திருந்தது.

"திருட்டுச் சாயம், எசமான்!" என்று குதித்தார் மணியக்காரர். "இவளுக்கு நான் சோற்றைத் தவிர ஒரு துரும்பும் கொடுக்கலை."

"அந்தச் சோறுதாங்க சாயம்" என்றாள் வீராயி. "கண்ணுக்குத் தெரியாத பூச்சி சோத்துல குடியேறிச் சிவப்பாப் பூக்கும். அதை வழிச்சுச் சாராயத்துல கரைச்சுத் துணியை முக்கினேன்."

"எந்தச் சோற்றிலும் பூக்குமா?" என்றார் ஜமீன்தார்.

"சுடுசோத்துல பூக்காதுங்க. மூணு நாள் கிடக்கணும். மணியக்காரரய்யா புண்ணியத்துல நான் காத்திருக்கவே வேண்டாம். இலையில விழும்போதே பூத்திருந்துச்சு."

மறுநாள் முதல் பட்டறைப் பந்தியில் முதல் இலை மணியக்காரருக்கு என்று உத்தரவானது. அன்றே சோற்றில் ஆவி பறந்தது. ஏழு பேரும் மறுசோறு வாங்கினார்கள். வீராயி மட்டும் இரண்டு தடவை.